அரியவை எதுவும் காணப்படவில்லை

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய்கண்டிகை என்றொரு ஊர் இருக்கிறது. சென்னைவாசிகளுக்கு அந்தப் பெயர் தண்ணீர்ச் செய்தியில் அறிமுகமாகியிருக்கும். கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தை 2020 நவம்பரில் திறந்தார்கள். நகரத்துக்குக் குடிநீர் தரும் ஐந்தாவது ஏரி அது. அதற்குப் பத்து வருடம் முன்பு அதே ஊர் வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் அடிபட்டது. ஊரை ஒட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் நிலத்தை சிப்காட் தொழிற்பூங்காவுக்கு எடுத்தார்கள். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது மேய்க்கால் நிலம். ஊர்க்காரர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், அதைக் காடு என்றார்கள். மாடு மேய்த்த இடம், விறகு பொறுக்கிய இடம், பழம் பறித்த இடம், மழைத்தண்ணீரை வடித்து ஏரிகளுக்கு அனுப்பிய இடம். போராட்டம் நடந்தது, கைது நடந்தது. அங்கே டயர் ஆலை கட்ட வந்தது பிரான்ஸின் மிஷெலின் நிறுவனம் என்பதால் 2012-இல் புகார் பாரிஸ் வரைக்கும் போனது. ஆலை வந்தது. இன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் உட்காரவில்லை. எனக்குள் உறுத்திக்கொண்டே இருப்பது, அதைப்பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்கிற கேள்வி: “அங்க அப்படி என்னதான் இருந்துச்சு?” புலி இருந்ததா, யானை இருந்ததா? காரையும் களாவும் சூரைமுள்ளும்தானே. திருவள்ளூர் மாவட்டத்தில் எந்தக் கரட்டுக்குப் போனாலும் இருக்கிற புதர்கள். கேட்கிறவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

இதே கேள்வி அரசாங்க மொழியிலும் இருக்கிறது. 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் தயாராகும் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குத் தாவரங்கள், விலங்குகள் என்று ஓர் அட்டவணை வரும். வேம்பு, புங்கன், எருக்கு, ஆவாரை, அணில், ஓணான், காகம். அட்டவணை முடிந்ததும் ஒரு வரி: அரிய, அழியும் நிலையிலுள்ள இனங்கள் எதுவும் காணப்படவில்லை. அந்த வரியோடு அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்தது இரைச்சல் அளவு. அதுவரை சொன்ன எருக்கும் ஓணானும் எதற்காகப் பட்டியலில் ஏறின? இல்லாத ஒன்று இல்லை என்று நிரூபிப்பதற்காக மட்டும்தான்.

ஆக, கேள்வி இதுதான்: ஓர் உயிர் நம் அக்கறைக்குத் தகுதிபெற அரியதாக இருந்தே ஆக வேண்டுமா?

*

இந்தப் பக்கத்தில் பல வருடமாக நடந்து பார்க்கிறவன் என்ற முறையில், ‘அங்கே என்ன இருக்கிறது’ என்பதற்கு முதலில் நேரடியாகவே பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. சிப்காட்டில் எப்போதும் சில மனைகள் காலியாகக் கிடக்கும். ஒதுக்கப்பட்டு, வேலி போட்டு, பெயர்ப்பலகை நட்டு, கட்டடம் மட்டும் வராத மனைகள். மாடு உள்ளே போகாது, மனிதரும் போகமாட்டார். சரியாகச் சொன்னால் இந்த வட்டாரத்தின் மிக நிம்மதியான காடுகள் இவைதான். வேலிக்கு வெளியே நின்றாலே பாதி தெரியும்.

கத்திரி வெயிலில் அங்கே ஒன்றுமே இல்லை என்பதுபோலத்தான் இருக்கும். உருக்காலைத் தூசு படிந்த எருக்கு, மஞ்சளாகப் பூத்த ஆவாரை, முள். ஆனால் அந்த எருக்கின் இலையைத் திருப்பினால் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வரி போட்ட ஒரு புழு இருக்கும். வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சியின் புழு. எருக்கம்பால் மாட்டுக்கு ஆகாது, நமக்குக் கண்ணில் பட்டால் ஆபத்து. இந்தப் புழு அதைத் தின்று, நஞ்சை உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. தின்ன வந்த பறவை ஒருமுறை வாந்தியெடுத்தால் மறுமுறை அந்த நிறத்தைத் தொடாது. ஆண் பூச்சிக்கு அதுவும் போதாது. கிலுகிலுப்பைச் செடியின் காய்ந்த தண்டைத் தேடிப்போய் உறிஞ்சும். பெண்ணைக் கவரும் வாசனைக்கான சரக்கு அதில்தான் இருக்கிறது. எருக்கும் கிலுகிலுப்பையும் ஒரே மனையில் இருப்பது அதற்குச் சௌகரியம். நமக்கு இரண்டும் களை.

ஆனி, ஆடியில் சாயங்கால இடிமழை ஆரம்பிக்கும். வடகிழக்குப் பருவமழை வர இன்னும் மாதங்கள் இருக்கும். மேற்கே சத்தியவேடு பக்கம் இருட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். இந்த மழைக்காகத்தான் வருடம் முழுக்கக் காத்திருப்பேன். முதல் நல்ல மழைக்கு மறுநாள் காலையில் மண்ணில் சிவப்பு வெல்வெட் துணியைக் கத்தரித்துப் போட்டதுபோலத் தம்பலப்பூச்சிகள் நடக்கும். எங்கள் ஊரில் இதைப் பட்டுப்பூச்சி என்றுதான் சொல்வோம். தீப்பெட்டியில் புல் போட்டு வளர்க்காத குழந்தை அந்தக் காலத்தில் கிடையாது. சங்கப் பாடல்களில் இதற்கு மூதாய் என்று பெயர். எட்டுக்கால் ஜீவன், சிலந்திக்குச் சொந்தம். குஞ்சுப்பருவத்தில் வெட்டுக்கிளி போன்ற பூச்சிகள் மேல் ஒட்டுண்ணியாகத் தொற்றிக்கொண்டு வாழும். வளர்ந்தபின் வருடத்தில் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கும். மழைக்குப் பின் ஒரு சில நாள்தான் வெளியே வரும். அந்தச் சில நாளைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

அதே மழைக்கு ஈசல் கிளம்பும். எருமைத்தவளைகள் பள்ளத்தில் கூடும். ஆண் தவளை அந்த ஓரிரு நாளுக்கு மட்டும் எலுமிச்சை மஞ்சளாக மாறியிருக்கும், கழுத்தின் இருபுறமும் நீலப் பைகள் உப்பும். முதல்முறை பார்ப்பவர்கள் யாரோ சாயம் அடித்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். தொழிற்பேட்டையாயிற்றே, சாயம் என்று நினைப்பதில் தப்பில்லை.

பிறகு காளான். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

புற்றுக்காளானை வளர்ப்பது கறையான். உருவகமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வளர்க்கிறது. காய்ந்த இலையையும் மரத்தையும் தின்று, புற்றுக்குள் தேன்கூடுபோல ஒரு தோட்டம் கட்டி, அதில் பூஞ்சையை விளைவிக்கிறது. மரத்தின் கடினமான பகுதியைக் கறையானால் தானாகச் செரிக்க முடியாது. பூஞ்சை அதைப் பக்குவப்படுத்தித் தருகிறது. பூஞ்சைக்கு வீடு, ஈரம், காவல் எல்லாம் கறையான் பொறுப்பு. ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை. இந்த ஒப்பந்தத்துக்கு வயது ஏறத்தாழ 3 கோடி வருடம் என்று கணக்கிடுகிறார்கள். மனிதன் விவசாயம் ஆரம்பித்துப் பன்னிரண்டாயிரம் வருடம்கூட ஆகவில்லை. நாம் பறிக்கிற வெள்ளைக் குடை அந்தத் தோட்டம் மழைக்கு வெளியே தள்ளுகிற பூ மாதிரி. அதன் தண்டு மண்ணுக்குள் வால்போல நீண்டு தோட்டம் வரை போகும்.

வேலியோரம் ஒரு மழைநாளில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு இளைஞன், ஷிஃப்ட் முடிந்து போகும் வழியில், பை நிறையக் காளான் பறித்துக்கொண்டிருந்தான். அவன் ஊர்ப்பக்கம் மழைக்காலத்தில் காளான் பொறுக்குவது சாதாரணம். “அண்ணா, இது சாப்பிடலாமா?” என்று என்னைக் கேட்டான். எனக்குச் சந்தேகம். அந்த வழியாக விறகுக்கட்டோடு வந்த இருளர் ஆயா ஒருவர் பையை எட்டிப் பார்த்துவிட்டு, “புடுங்கிக் காட்டு தம்பி, வால் கீதா பாக்கலாம்” என்றார். வால் இல்லை. தண்டின் அடி உருண்டு திரண்டிருந்தது. முற்றிய ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினார். மடிப்புகள் லேசாகப் பச்சை அடித்திருந்தன. “இது வேணாம். வாந்தி பேதியா பூடும். கொட்டிடு.” கொட்டிவிட்டான். பச்சை வித்துகள் கொண்ட அந்த வெள்ளைக் காளான் வெப்பநாடுகள் பலவற்றில் புல்தரைகளில் முளைப்பது. பார்க்க அவ்வளவு அழகாக, அவ்வளவு சாப்பாட்டுக்குரியதாக இருப்பதால்தான் அவ்வளவு பேரைப் படுக்க வைக்கிறது. (இந்தப் பத்தியை நம்பி யாரும் எதையும் பறித்துச் சமைக்க வேண்டாம். ஆயா உங்கள் பக்கத்தில் இல்லை.)

இதில் என்னை யோசிக்க வைத்தது ஒன்றுண்டு. அந்தப் பையனுக்குக் காளான் தெரியும். அவன் ஊர்க் காளான் தெரியும். ஒடிசா மயூர்பஞ்சின் சிமிலிபால் செவ்வெறும்புச் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த எறும்பு நம் ஊர் மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் அதே முசுறுதான். அதைப் பார்த்தால் அந்தப் பக்கத்துக்காரர்கள் பலருக்கு வீட்டு ஞாபகம் வரும். நமக்குக் கடிதான் ஞாபகம் வரும். ஆனால் இடம் மாறினால் அறிவின் ஒரு பகுதி செல்லாக்காசாகி விடுகிறது. அப்படி இடத்தோடு ஒட்டிய அறிவைத்தான் அந்த ஆயா வைத்திருந்தார். அது எந்த அட்டவணையிலும் இல்லை. பாம்பு, எலி, ஈசல், கிழங்கு, மூலிகை என்று இந்த மண்ணை இருளர்களைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்த அறிவை மருந்தாக்கியது. 2023-இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களிலும் இருளர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள்.

மீதி மாதங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மனை முழுக்கப் பச்சை. தும்பை, கீழாநெல்லி, மூக்கிரட்டை, வேலியில் செங்காந்தள் ஏறியிருக்கும். பள்ளத்தில் ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி. மார்கழிப் பனியில் சிலந்தி வலைகளை எண்ண முடியாது. பங்குனியில் புங்கன் பூ சாலையில் கொட்டும். சித்திரையில் கொன்றை. கொடுக்காப்புளி பழுக்கும், அது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த மரம் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதே பக்கத்திலிருந்து வந்த சீமைக்கருவேலத்தைத் திட்டுவோம், இதைத் தின்போம்.

*

சரி, இவ்வளவு இருக்கிறது. அதனால் என்ன?

இந்த ‘அதனால் என்ன’வுக்கு நம்மிடம் தயாராக இருக்கும் பதில் ‘பயன்’. யூடியூபில் தட்டினால் வரும்: ‘இந்தச் செடியை எங்கே பார்த்தாலும் விடாதீங்க!’ மூக்கிரட்டை என்றால் சிறுநீரகம், கீழாநெல்லி என்றால் மஞ்சள்காமாலை, தும்பை என்றால் சளி. செடிக்கு முகமே இல்லை, நோய்தான் இருக்கிறது. இதுவும் ஒருவகைப் பார்வை, பழைய பார்வை, மதிக்க வேண்டியதும்கூட. ஆனால் பயனை வைத்துக் காப்பாற்றினால் பயனை வைத்தே அழிக்கவும் செய்யலாம். தம்பலப்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். வட இந்தியாவில் அதிலிருந்து தைலம் காய்ச்சுவார்கள்; மழைக்காலத்தில் கொத்துக் கொத்தாகப் பொறுக்கி விற்கிறார்கள். பயன்படாமல் இருந்திருந்தால் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

இன்னொரு பதில், சிறிய உயிர்கள் நமக்குத் தகவல் தருகின்றன என்பது. இதில் சரக்கு இருக்கிறது. பிரியாணி மசாலாவில் போடுகிறோமே கல்பாசி, அது பாசி இல்லை. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் ஓர் உயிர். அந்த வகையைச் சேர்ந்தவை மரப்பட்டைகளில் சாம்பல், பச்சைத் திட்டுகளாக ஒட்டியிருக்கும். வேர் கிடையாது, வேண்டியதையெல்லாம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்துக்கொள்வதால் கந்தகப் புகையைத் தாங்காது. 1866-இலேயே வில்லியம் நைலாண்டர் பாரிஸின் லக்சம்பர்க் பூங்கா மரங்களில் இவற்றைப் பார்த்து, காற்றின் ஆரோக்கியத்தை இவை காட்டுகின்றன என்று எழுதிவிட்டார். நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரணி ஆற்றங்கரைப் பனை, சிப்காட் சாலைப் புங்கன் என்று நடந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் இங்கேயும் அந்தத் திட்டு நமக்கு ஒரு மீட்டர், அவ்வளவுதான். நல்ல கருவி ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் அதைச் சுரண்டிப் போடலாமா?

மூன்றாவது பதில்தான் அரிது என்பது. அதன் பலம் எனக்குத் தெரியும். சட்டம் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும், அரிது என்பது எண்ணக்கூடிய கைப்பிடி. கோர்ட்டில் நிற்கும். அதன் பலவீனம் என்னவென்றால், அது எப்போதும் தாமதமாகத்தான் வந்து சேரும். வட அமெரிக்காவின் பயணிப்புறா கோடிக்கணக்கில் இருந்தது. 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சியகத்தில் கடைசிப் புறா செத்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஊர்ப் பிணந்தின்னிக் கழுகுகள் ஒரு காலத்தில் செத்த மாடு கிடக்கும் இடமெல்லாம் இருந்தவை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து அவற்றின் சிறுநீரகத்தைத் தின்றது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுக் கழுகு இந்தியாவில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. 1990-இல் ஓர் அறிக்கை எழுதியிருந்தால் அதை ‘சாதாரண இனம்’ என்றுதான் போட்டிருப்பார்கள். போட்டது தப்பும் இல்லை.

ஆனால் இந்த வாதத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனசில்லை. ‘இன்று சாதாரணம், நாளை அரிதாகலாம், ஆகவே கவனம்’ என்பதும் கடைசியில் அரிதைத்தான் அளவுகோலாக வைக்கிறது. கேள்வி இன்னும் மிச்சம். எருக்கு என்றைக்கும் அரிதாகப் போவதில்லை. எருக்கஞ்செடி ஒன்றைக் காரணமே இல்லாமல் வெட்டிப் போடுவதில் ஏதாவது தவறு உண்டா, இல்லையா?

1973-இல் பல்கேரியாவின் வார்னாவில் நடந்த உலகத் தத்துவ மாநாட்டில் ரிச்சர்ட் ரூட்லி ஒரு கற்பனையை முன்வைத்தார். உலகில் கடைசி மனிதன் ஒருவன் மட்டும் மிஞ்சியிருக்கிறான். அவனுக்குப் பிறகு யாரும் இல்லை. போவதற்கு முன் தன்னால் முடிந்த மட்டும் எல்லாச் செடியையும் எல்லா உயிரையும் அழித்துவிட்டுப் போகிறான். எந்த மனிதனுக்கும் அதனால் நஷ்டமில்லை. அவன் செய்தது தவறா? நஷ்டக்கணக்கை வைத்துப் பார்த்தால் தவறில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு வயிற்றைப் புரட்டுகிறது. அப்படியென்றால் நம் ஒழுக்கக் கணக்கில் ஏதோ ஒரு கலம் விடுபட்டிருக்கிறது என்பது அவர் வாதம். பிற்காலத்தில் அவர் தன் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டார்: சில்வன். லத்தீனில் காட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர்.

எனக்கு அந்தக் கடைசி மனிதனை வார்னாவில் தேட வேண்டியிருக்கவில்லை. யாருக்கும் வேலை இல்லாத, யாரும் பார்க்காத காலி மனையில் புல்டோசர் ஓட்டுபவர் கிட்டத்தட்ட அவன்தான். வேறுபாடு, இவர் தினக்கூலி. மேலே சொன்னதைச் செய்கிறார்.

நம் பக்கத்தில் இதைப்பற்றி யோசித்தவர்கள் இல்லையா என்றால், வள்ளலாரைச் சொல்ல வேண்டும். அவர் அம்மா சின்னம்மையின் ஊர் பொன்னேரிக்குப் பக்கத்துச் சின்னக்காவணம். தகப்பனார் போன பிறகு கைக்குழந்தையோடு குடும்பம் வந்து தங்கிய ஊர். கும்மிடிப்பூண்டி ரயிலில் போகும்போது வழியில் வரும் ஸ்டேஷன்தான் பொன்னேரி. வாடிய பயிரைக் கண்டு தானும் வாடியதாக அவர் பாடியது நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஆனால் அதைச் சொல்லும்போது நம் மனதில் வருவது நெல். பயிர். களையைக் கண்டு வாடுவது யார்? அவருடைய ஜீவகாருண்யத்தில் அந்தப் பாகுபாடு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். பாகுபாடு நம் காதில் இருக்கிறது. களை என்பது ஒரு செடியின் இனமே இல்லை. நம் வரப்புக்குள் நாம் கூப்பிடாமல் வந்ததற்கு நாம் வைத்த பெயர். புறம்போக்கும் அப்படித்தான். நிலத்தின் வகைக்கு வைத்த பெயர் மனிதரைத் திட்டும் வசையானது தற்செயல் இல்லை.

இன்னும் பின்னால் போனால் கபிலர் இருக்கிறார். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களைச் சொல்லாமல் தமிழில் இப்படி ஒரு கட்டுரை எழுத முடியாதுபோல, சரி, சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியலைச் சிறுவயதில் மனப்பாடம் செய்து பெருமைப்பட்டவர்கள் பலர். பார்க்க வேண்டியது அதில் என்ன இருக்கிறது என்பதை. காந்தள் இருக்கிறது, வேங்கை இருக்கிறது. தும்பையும் இருக்கிறது. அவரையும் இருக்கிறது, நம் அவரைக்காயின் பூ. அரியதை வடிகட்டி எடுத்த பட்டியல் இல்லை அது. அங்கே இருந்ததைச் சொன்ன பட்டியல். தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் பட்டியல்தான். முன்னதில் பெயர்கள் வந்து நிற்கின்றன, பின்னதில் பெயர்கள் வந்து தள்ளுபடியாகின்றன.

ஐரிஸ் மர்டாக் 1970-இல் வந்த தன் புத்தகத்தில் ஒரு சிறு விஷயம் சொல்வார். ஏதோ ஒரு மனத்தாங்கலில் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே காற்றில் நின்று சிறகடிக்கும் ஒரு வல்லூறு தென்படுகிறது. ஒரு கணம் வல்லூறு மட்டுமே இருக்கிறது. திரும்பும்போது மனத்தாங்கல் சிறுத்துவிட்டது. அறம் என்பதே முதலில் சரியாகப் பார்ப்பதுதான், தன்னை நடுவில் வைக்காமல் பார்ப்பது, என்பது அவர் கட்சி. அதோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒரே ஒரு முணுமுணுப்பு. ஜன்னல் பக்கம் உட்கார நேரம் வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் உலை முன்னால் நின்றுவிட்டு வருகிறவரிடம் போய் “பாருங்க, தம்பலப்பூச்சி” என்று நான் சொல்வதில் ஒரு அநியாயம் இருக்கிறது. ஆயாவுக்கு இதெல்லாம் தெரிந்தது அழகை ரசிக்கப் போனதால் இல்லை; தெரியாவிட்டால் அன்றைக்குச் சோறில்லை. அவர் பேரப்பிள்ளைகள் இதைக் கற்காமல் அந்த ஆலையிலேயே நிரந்தர வேலைக்குப் போனால் நான் வருத்தப்படலாமா? முடியாது. படமாட்டேன்.

அதனால் என் கோரிக்கையை மிகச் சிறியதாக ஆக்கிக்கொண்டேன். ஆலையே வரக்கூடாது என்பதல்ல. எல்லா எருக்கும் வாழ வேண்டும் என்பதுமல்ல. என் வாசலில் முளைத்ததை நானே பிடுங்குகிறேன். ‘அங்கே ஒன்றுமில்லை’ என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான். ஒரு நிலத்தை நல்ல காரணத்துக்காக எடுப்பது வேறு, வெறும் நிலத்தை எடுத்தேன் என்பது வேறு. முதலாவது ஒரு முடிவு. அதைப்பற்றிச் சண்டை போடலாம், பேரம் பேசலாம், தோற்கலாம். இரண்டாவது ஒரு பொய். கடன் வாங்கியவர் ‘திருப்பித்தர முடியவில்லை’ என்பதற்கும் ‘வாங்கவே இல்லை’ என்பதற்கும் உள்ள தூரம். 2013 நிலமெடுப்புச் சட்டத்தில் நிலத்தோடு போகும் மரம் செடிகளுக்கு விலை மதிப்பிட வழி இருக்கிறது. ஆனால் அந்த விலை நில உரிமையாளருக்கு. மேய்க்காலில் இருந்த களாவுக்கு உரிமையாளர் இல்லை, ஆகவே விலை இல்லை, ஆகவே களா இருக்கவே இல்லை. சட்டம் இந்த மூன்று ‘இல்லை’யையும் ஒன்றாக்கி விடுகிறது. அதைத்தான் தத்துவம் பிரித்துக் காட்ட வேண்டும்.

“சொன்னா மட்டும் என்ன ஆகிடும்?” என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் சொல்லுகிற இடமே இல்லாமல் போனது பற்றிக் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். 2006 அறிவிக்கையின்படி அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பேட்டைக்குள் வரும் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. அதாவது சிப்காட் எல்லைக்குள் வரும் ஓர் ஆலைக்காக யாரும் மைக் நீட்டி உங்களிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

மைக் இல்லாத இன்னொரு வழி இருக்கிறது. 2002 பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, ஊர் மக்களைக் கேட்டு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதச் சொல்கிறது. அதில் ஏற எதுவும் அரியதாக இருக்க வேண்டியதில்லை; உங்கள் ஊரில் என்ன இருக்கிறது, அதை எப்படி அழைக்கிறீர்கள், எதற்குத் தெரியும் என்பதுதான். பல வருடம் யாரும் எழுதவில்லை. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு நாடு முழுக்க இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவேடுகள் கிடுகிடுவென்று தயாராகின. அவ்வளவு வேகத்தில் எத்தனை ஊரில், எத்தனை ஆயாக்களிடம் போய்க் கேட்டிருப்பார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பதிவேட்டை ஊராட்சி அலுவலகத்தில் கேட்கலாம். கேட்டால் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பிறகு பீரோவைத் திறப்பார்கள். திருத்தவும் சேர்க்கவும் இடம் உண்டு. என் நோட்டில் காலி மனைகளிலிருந்து எழுதிய நூற்றுச் சொச்சம் பெயர்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் ஆயா சொன்னவை. அவற்றில் ஒரு சிறு காளானுக்கு எந்தப் புத்தகத்திலும் என்னால் பெயர் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆயாவிடம் கேட்டேன். “அதுக்கு இன்னா பேரு, அது மழைக்கு வரும்” என்றார். அதையே எழுதி வைத்திருக்கிறேன்.